லெட் பாட்டைக் கைப்பையில் வைத்து விமானம் ஏறலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. உங்கள் சித்தப்பா மகன் ஒரு மருத்துவமனையில் நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜிஸ்ட், அதாவது கதிரியக்க மருந்துகளைக் கையாள்பவர். சென்னையில் மிச்சமிருந்த 100 மில்லிக்யூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அயோடின்-131 கேப்சூல் ஒன்றை, அதாவது தைராய்டு சிகிச்சைக்கான கதிரியக்க அயோடினை, லெட் பாட் என்னும் ஈயக் கலத்தில் போட்டு, அதைக் கைப்பையில் வைத்து, அதே குழுமத்தின் வடமாநிலக் கிளைக்கு விமானத்தில் கொண்டுபோகச் சொல்லி அவரை அனுப்பியிருக்கிறார்கள். செக்யூரிட்டியில் கேட்டபோது மருத்துவ உபகரணம் என்று ஒரு கடிதத்தைக் காட்டித் தாண்டிவிட்டார். இப்போது மறுபடியும் போகச் சொல்கிறார்கள். "ஈயத்துக்குள்ளேதானே இருக்கிறது, கசியவா போகிறது, இதெல்லாம் பேப்பர் வேலைதானே?" என்று அவர் கேட்பதாகவும், அவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நான் நெடுங்காலம் ஒரு பெரிய மருத்துவமனையில் ஆர்எஸ்ஓ-வாக, அதாவது கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராக, இருந்தவன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். உங்கள் தம்பிக்குப் பெரிய கெடுதல் ஏதும் வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் மறுபடி போகக் கூடாது. இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று கேட்டால், அதற்குத்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். கதிரியக்கப் பொருள் ஏழாம் வகை ஆபத்தான சரக்கு. பயணி அதைக் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, செக்-இன் பெட்டியிலும் போட முடியாது. சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகளில் நோயாளிகளுக்கென்று ஒரு விலக்கு உண்டு: சிகிச்சைக்காக உடலுக்குள் செலுத்தப்பட்ட கதிரியக்க மருந்து, உடலுக்குள் பொருத்திய பேஸ்மேக்கர். அதாவது அந்தக் கேப்சூலை விழுங்கிய நோயாளி, மருத்துவர் அனுமதித்த பிறகு விமானம் ஏறலாம். விழுங்காத கேப்சூலைப் பையில் வைத்துக்கொண்டு ஏறக் கூடாது. இந்தியாவில் 2003-ஆம் ஆண்டின் ஆபத்தான சரக்கு விமான விதிகளும், 2004-ஆம் ஆண்டின் அணுசக்தி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகளும் இதற்குப் பொருந்தும். மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில் எழுதிய எந்தக் கடிதமும் இதை மாற்றாது. தண்டனை என்ன ஆகும் என்பதை வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். அது என் துறை இல்லை.

சரி, ஆபத்துக்கு வருவோம். எந்த மறைப்பும் இல்லாத 100 மில்லிக்யூரி அயோடின்-131-இலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்குச் சுமார் 0.2 மில்லிசீவர்ட் (உடம்புக்குப் போகும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரும். தூரம் பாதியானால் அளவு நான்கு மடங்காகும். ஆகவே அரை மீட்டரில், அதாவது பக்கத்து இருக்கைக்காரரின் உடம்பு இருக்கும் தூரத்தில், மணிக்கு 0.8 அல்லது 0.9. இது பாட் இல்லாத கணக்கு. பாட் இருந்தால் எவ்வளவு குறையும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. டெக்னாலஜிஸ்ட்டுகளே கூட இதில் ஏமாந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

கதிரியக்க மருந்துகளைத் தயாரிக்கும் அறையான ஹாட் லேபில் எங்கு பார்த்தாலும் கிடப்பவை, ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீசியத்துக்கான சின்ன ஈயப் பாட்டுகள். டெக்னீசியம்-99எம் வெளியிடும் காமா கதிரின் ஆற்றல் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான். 0.3 மில்லிமீட்டர் ஈயமே அதைப் பாதியாக்கிவிடும். 3 மில்லிமீட்டர் ஈயம் வைத்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வெளியே வரும். கதிர் அளக்கும் சர்வே மீட்டரை வைத்துப் பார்த்தால் முள் அசையாது. அதே பாட்டில் அயோடின்-131-ஐப் போட்டால் கதை வேறு. அதன் முக்கியக் காமா 364 கிலோ எலக்ட்ரான் வோல்ட். கூடவே 637-இல் இன்னொன்றும் வருகிறது. அந்த 3 மில்லிமீட்டர் ஈயம் இதைப் பாதியாகத்தான் குறைக்கும். பார்வைக்கு ஒரே பாட், ஒரே மூடி, கையில் எடுத்தால் ஒரே கனம். ஆனால் பக்கத்து இருக்கைக்காரருக்கு இரண்டரை மணி நேரப் பயணத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிசீவர்ட் போய்ச் சேரும். பொதுமக்களில் ஒருவருக்கு ஓர் ஆண்டு முழுவதற்கும் விதித்திருக்கும் வரம்பே ஒரு மில்லிசீவர்ட்தான். அந்த இருக்கையில் ஒரு கர்ப்பிணி உட்கார்ந்திருந்தால்? ஹாட் லேபில் வேலை பார்க்கும் பெண் கர்ப்பம் என்று சொன்ன அன்றே பணியை மாற்றி அமைக்கிறோம். இந்தப் பெண்ணுக்குத் தன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியாது.

ஒரு சென்டிமீட்டர் ஈயம் என்றால் பத்தில் ஒரு பங்காகக் குறையும். மூன்று சென்டிமீட்டர் என்றால் பக்கத்து இருக்கையில் மணிக்குச் சில மைக்ரோசீவர்ட்தான் (மில்லிசீவர்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும். அந்த உயரத்தில் பறக்கும்போது விண்வெளியிலிருந்து எல்லாருக்கும் வரும் கதிர்வீச்சும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அப்படியானால் தடிமனான பாட்டில் வைத்துக் கொண்டுபோனால் போதாதா என்று தோன்றும். எல்லாப் பக்கமும் மூன்று சென்டிமீட்டர் ஈயம் வைத்த பாட், உள்ளே உள்ள இடத்தைப் பொறுத்து, ஐந்து முதல் எட்டு கிலோ வரை கனக்கும். நம் உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவாக ஏழு கிலோ வரம்பு. ஆகவே எடைக்கு அடங்கும்படி, பையைத் தூக்கிப் போகிறவருக்கு வசதியாக எந்தப் பாட் இருக்கிறதோ அதுதான் போகும். அது மெல்லிய பாட்டாகத்தான் இருக்கும். உங்கள் தம்பி எதைக் கொண்டுபோனார் என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் அவருக்கும் பக்கத்தில் இருந்தவருக்கும் எவ்வளவு போனது என்று என்னால் சொல்ல முடியாது.

என்னைக் கேட்டால், இந்தப் பயணத்தில் அதிக ஆபத்தில் இருந்தவர் விமானத்தில் ஏறவே இல்லை. அவர் செக்யூரிட்டியில் நின்ற சிஐஎஸ்எஃப் காவலர். பை ஸ்கேன் ஆகும்போது ஈயம் திரையில் வெறும் கறுப்புக் கட்டியாகத் தெரியும். உள்ளே ஒன்றும் தெரியாது. இப்படி ஒன்றைப் பார்த்தால் பையைத் திறக்கச் சொல்வது அவருடைய கடமை. அன்று கடிதத்தைப் பார்த்து விட்டுவிட்டார். அடுத்த முறை இன்னொருவர் பாட்டின் மூடியைத் தானே திருகுவார், உள்ளே கேப்சூல் இருக்கும் வயலை (சின்னக் குப்பியை) கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார். ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில் அந்தக் கேப்சூலிலிருந்து மணிக்கு 80, 90 மில்லிசீவர்ட் வரும். ஒரு நிமிடம் முகத்தருகே வைத்துப் பார்த்தாலே அவருடைய ஓராண்டு வரம்பைத் தாண்டிவிடும். விரல்களுக்குப் போவது அதைவிடப் பல மடங்கு. உடம்புக்கு எவ்வளவு கதிர் போனது என்று பதிவு செய்யும் டிஎல்டி பேட்ஜ் அவரிடம் கிடையாது. வீட்டுக்குப் போய் சாப்பிட்டுத் தூங்கிவிடுவார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லப்போவதில்லை.

கேப்சூலுக்குப் பதில் திரவமாக இருந்தால் இன்னும் கவலை. அயோடின் ஆவியாகிப் பரவக்கூடியது. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் குறையும். தரையில் மூடிய ரப்பர் மூடி வயலுக்குள் இருக்கும் காற்று அந்த வித்தியாசத்தால் வெளியே தள்ளும். வயல் நன்றாகச் சீல் ஆகியிருந்தால் ஒன்றும் ஆகாது. ஊசி குத்தி மருந்து எடுத்த மூடி என்றால் நான் அதை நம்ப மாட்டேன். முறையான பெட்டிகளுக்கு இதற்கென்றே தேர்வு இருக்கிறது. விமானத்தில் போகும் பெட்டியின் உட்கலம் 95 கிலோபாஸ்கல் அழுத்த வித்தியாசத்தையும், மைனஸ் 40 முதல் 55 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையையும் தாங்க வேண்டும். மருத்துவ ஐசோடோப்புகள் பெரும்பாலும் வரும் டைப் ஏ பெட்டி என்றால், அதைத் தண்ணீர் தெளித்து, 1.2 மீட்டர் உயரத்திலிருந்து போட்டு, அதன் எடையைப் போல ஐந்து மடங்கை மேலே ஏற்றி ஒரு நாள் வைத்து, 6 கிலோ இரும்புத் தண்டை ஒரு மீட்டரிலிருந்து அதன்மேல் விழவிட்டுப் பார்த்திருப்பார்கள். திரவத்துக்கான பெட்டி ஒன்பது மீட்டரிலிருந்து விழுவதையும் தாங்க வேண்டும். ஹாட் லேப் அலமாரியில் இருக்கும் பாட் கதிரை மறைக்கச் செய்தது. அதை யாரும் கீழே போட்டுச் சோதித்ததில்லை. விழுந்தால் அதன் மூடி கழன்றுவிடும்.

இப்போது "பேப்பர் வேலை" என்று அவர் சொல்வதற்கு வருகிறேன். நவி மும்பை வாஷியில் உள்ள, ஐசோடோப்புகளை வழங்கும் அரசு நிறுவனமான பிரிட்டிலிருந்தோ வேறு இடத்திலிருந்தோ வரும் பெட்டியின் இரண்டு பக்கங்களில் ஒட்டியிருக்கும் லேபிளை அவர் தினமும் பார்ப்பவர்தான். மேல்பாதி மஞ்சள், மூவிலைச் சின்னம், அதன் கீழே இரண்டு அல்லது மூன்று சிவப்புக் கோடுகள், ஐசோடோப்பின் பெயர், எத்தனை பெக்கரல் (இதுவும் கதிரியக்கத்தை அளக்கும் அலகு), அப்புறம் ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஓர் எண். அந்த எண்தான் டிரான்ஸ்போர்ட் இண்டெக்ஸ், டி.ஐ. என்போம். பெட்டியிலிருந்து ஒரு மீட்டரில் மணிக்கு எத்தனை மில்லிசீவர்ட் என்று அளந்து, நூறால் பெருக்கினால் வருவது. அதைப் பார்த்துத்தான் சரக்கு ஏற்றுபவர் பெட்டியை எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறார். மொத்த டி.ஐ. 1 என்றால் பயணிகள் பகுதியிலிருந்து 30 சென்டிமீட்டர், 5 என்றால் ஒரு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். பயணிகள் விமானம் ஒன்றில் எல்லாப் பெட்டிகளும் சேர்ந்து டி.ஐ. 50-ஐத் தாண்டக் கூடாது. கேப்டனுக்கு நோட்டாக் என்று எழுத்தில் அறிவிப்பு போகும். எந்த அறையில் எது இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். தரையிறங்கும்போது தீப்பிடித்தால், தீயணைப்புக்காரர்களிடம் சொல்ல அவரிடம் தகவல் இருக்கும். பெட்டியோடு வரும் ட்ரெம் கார்டில் என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று இருக்கும். கைப்பையில் போகும் பாட்டுக்கு இதில் எதுவுமே கிடையாது. அதைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் உங்கள் தம்பி. விமானத்தில் அவருக்கு மயக்கம் வந்துவிட்டால், அல்லது பை மாறிப் போய்விட்டால், யாருக்கும் தெரியாது.

எல்லாம் முறைப்படி நடந்தும் தப்பு நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 1971 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவில் நியூயார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போன டெல்டா ஏர்லைன்ஸ் பயணிகள் விமானத்தில் திரவ மாலிப்டினம்-99 கசிந்து சரக்கறையில் பரவியது. டெக்னீசியம் ஜெனரேட்டருக்கு மூலப்பொருளே இந்த மாலிப்டினம்தான். கசிவு உடனே தெரியவில்லை. அந்த விமானம் தொடர்ந்து பறந்தது. கண்டுபிடிப்பதற்குள் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் அதில் போய்விட்டார்கள். 1974 ஏப்ரலில் மறுபடி அதே நிறுவனத்தின் விமானங்களில், தொழிற்சாலைச் சோதனைக்கான இரிடியம்-192 ஒன்று சரியான மறைப்பில்லாமல் வாஷிங்டனிலிருந்து அட்லாண்டா வழியாக பேட்டன் ரூஜுக்குப் போனது. பயணிகள் மேலே உட்கார்ந்திருந்தார்கள். இவற்றுக்குப் பிறகு, 1975 ஜனவரியில் கையெழுத்தான அமெரிக்கச் சட்டத்தில், பயணிகள் விமானத்தில் ஆராய்ச்சிக்கும் நோய் கண்டறிதலுக்கும் சிகிச்சைக்கும் உள்ள கதிரியக்கப் பொருள்களைத் தவிர வேறெதையும் ஏற்றக் கூடாது என்று வந்தது. கவனியுங்கள், மருத்துவத்துக்கு உள்ளதை அவர்கள் தடுக்கவில்லை. நோயாளிக்கு அது நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் வழியைத் திறந்தே வைத்தார்கள். அந்த இரண்டு சம்பவங்களிலும் எந்த விமானம், எந்த ஊர் என்று தேடிப் பிடிக்க முடிந்தது. பெட்டிகள் சரக்காகப் பதிவாகியிருந்தது அதற்கு உதவியிருக்கும்.

முறையாகப் போனால் பீதிதான் மிச்சம் என்று உங்கள் தம்பி சொல்லலாம். அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 2015 மே மாதம் டெல்லி விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில், ஒரு மருத்துவமனைக்காக வந்த சோடியம் அயோடைடு-131 பெட்டிகள் ஈரமாக இருந்ததைப் பார்த்து, கதிரியக்கக் கசிவு என்று தொலைக்காட்சிகள் எல்லாம் அலறின. தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. கடைசியில் அந்த ஈரம் வேறொரு சரக்கிலிருந்து வந்தது என்றும் பெட்டிகள் கசியவில்லை என்றும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் தெளிவுபடுத்தியது. இப்படி ஒன்று நடந்தால், அதற்கப்புறம் சில விமான நிறுவனங்கள் ஏழாம் வகைச் சரக்கு என்றாலே வேண்டாம் என்கின்றன. பைலட்டும் மறுக்கலாம். உலகம் முழுவதும் இது ஒரு பிரச்சினை. சர்வதேச அணுசக்தி முகமையே இதற்காக வேலை செய்துகொண்டிருக்கிறது. ஆனால் கைப்பையில் கொண்டுபோய்ப் பிடிபடும் ஒவ்வொருவரும் அந்த மறுப்பை இன்னும் இறுக்கமாக்குகிறார்கள். நாளை ஒரு காவலர் அந்தப் பாட்டைத் திறந்து செய்தியாகிவிட்டால், அந்த ஊருக்குப் போக வேண்டிய மருந்துகள் எல்லாம் நின்றுவிடும்.

அந்தக் காலத்தில் டாக்டர்கள் ரேடியத்தையே பையில் வைத்துக்கொண்டு போகவில்லையா என்று உங்கள் பதிவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார். போனார்கள். 1901-இல் ஹென்றி பெக்கரல் சட்டைப் பையில் ரேடியம் குழாயைக் கொண்டுபோய் உடம்பில் புண் வாங்கிக்கொண்டார். 1914 செப்டம்பரில் ஜெர்மானியப் படை பாரிஸை நெருங்கியபோது, மேரி க்யூரி ரேடியத்தை ஈயப் பெட்டியில் வைத்து ரயிலில் போர்தோவுக்குக் கொண்டுபோனார். அப்போது கதிரின் தீங்கு முழுதாகத் தெரியாது, அளப்பதற்கு வரம்பும் இல்லை. இன்று இரண்டும் இருக்கின்றன.

நிர்வாகத்தின் அவசரத்தையும் நான் ஒதுக்கிவிடவில்லை. தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின் கொடுக்க வேண்டிய நோயாளி, பல இடங்களில், மூன்று நான்கு வாரமாகத் தைராக்ஸின் மாத்திரையை நிறுத்தியிருப்பார். முகம் வீங்கி, குரல் கம்மி, எழுந்து நடக்கவே சலிப்பாக இருக்கும். உப்பிலிருந்து மீன் வரை பத்தியம் வேறு. அவரிடம் போய் "மருந்து வரவில்லை, நாளை மறுநாள் வாருங்கள்" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கணக்கைப் பாருங்கள். அயோடின்-131-இன் அரை ஆயுள் எட்டு நாள். ஒரு நாள் தாமதமானால் சுமார் எட்டு சதவீதம்தான் குறையும். 100 மில்லிக்யூரி 92 ஆகும். பெரும்பாலும் அதை வைத்தே சிகிச்சை கொடுக்கலாமா என்று மருத்துவர் முடிவு செய்துகொள்வார். ஃபுளூரின்-18 போல 110 நிமிடத்தில் பாதியாகிவிடும் பொருள் என்றால் அவசரம் உண்மைதான். நான்கு மணி நேரத்தில் கால் பங்குகூட மிஞ்சாது. அதையும் டைப் ஏ பெட்டியில், சரக்காக, விமானத்தில் ஊருக்கு ஊர் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே அயோடினுக்கு அவசரம் என்ற காரணம் நிற்காது. உங்கள் தம்பியை அனுப்பியது கூரியர் செலவையும் அனுமதிக்கான வேலையையும் மிச்சம் பிடிக்கத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம், தவறாகவும் இருக்கலாம்.

நிச்சயமில்லாததையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் இருந்தவருக்கு ஒரு மில்லிசீவர்ட் போயிருந்தால் அவருக்குப் புற்றுநோய் வரும் என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு குறைந்த அளவில் தீங்கு இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. இருக்கும் என்று எடுத்துக்கொண்டு வரம்பு போட்டிருக்கிறோம். அப்படிப் பார்த்தாலும் ஒருவருக்கான அபாயம் மிகச் சிறியது. ஆனால் அதை ஏற்பதா வேண்டாமா என்று அந்தப் பயணியைத்தான் கேட்டிருக்க வேண்டும். அதேபோல், கருவிகளைச் சரிபார்க்க வைத்திருக்கும் மிகச் சிறிய கதிரியக்கப் பொருள்கள், சோர்ஸ்கள் என்போம், விலக்கு அளவுக்குக் கீழே இருந்தால் ஏழாம் வகையிலேயே சேராது. சீசியம்-137 என்றால் அந்த விலக்கு 10 கிலோபெக்கரல்தான். மருந்தின் கதிரியக்கத்தை அளக்கும் டோஸ் காலிப்ரேட்டரோடு வரும் சீசியம் சோர்ஸ் பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே "சின்ன சோர்ஸ்தானே" என்று யாராவது சொன்னால், சர்ட்டிஃபிகேட்டை எடுத்து எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது அவர் செய்ய வேண்டியது. கொண்டுபோன பையையும் பாட்டையும் ஹாட் லேபுக்கு எடுத்துப் போய், பையின் உட்பக்கம், பாட்டின் மூடி, கைப்பிடி எல்லாவற்றையும் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சில் கதிரியக்கம் இருக்கிறதா என்று அளந்து பார்க்கட்டும். பயணம் முடிந்து சில வாரங்களுக்குள் என்றால் கழுத்தில் தைராய்டு கவுண்ட் ஒன்றும் எடுக்கட்டும், அதாவது தைராய்டில் கதிரியக்க அயோடின் சேர்ந்திருக்கிறதா என்று அளக்கட்டும். கேப்சூல் உடையாமல் போயிருந்தால் அதில் ஒன்றும் இருக்காது, ஆனால் மனசுக்கு நிம்மதி. பயணத்தில் டிஎல்டி அணிந்திருந்தால் காலாண்டு முடியும்வரை காத்திருக்காமல் உடனே படிக்க அனுப்பச் சொல்லட்டும். அப்புறம் தங்கள் ஆர்எஸ்ஓ-வுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: எந்தத் தேதி, எந்த விமானம், எத்தனை மில்லிக்யூரி, யார் சொல்லி. வாயால் சொன்னால் போதாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு அறிவிப்பது உரிமம் வைத்திருக்கும் மருத்துவமனையின் பொறுப்பு. அவருடைய வேலை தனக்குத் தெரிந்ததைப் பதிவில் வைப்பது. அடுத்த பயணத்துக்குக் கூப்பிட்டால், "டைப் ஏ பெட்டி, டிக்ளரேஷன், ட்ரெம் கார்டு தயார் செய்யுங்கள், சரக்காக அனுப்புவோம், நானே விமான நிலையம் வரை கொண்டுபோய்க் கொடுக்கிறேன்" என்று சொல்லட்டும். மறுக்கிறார் என்று யாரும் சொல்ல முடியாது.

அவர் பாட்டின் ஈயத் தடிமனையும், கேப்சூல் அளந்த தேதியையும், பை காலடியில் இருந்ததா தலைக்கு மேல் இருந்ததா என்பதையும் கேட்டு இங்கே எழுதுங்கள். பக்கத்து இருக்கைக்கும் அவருக்கும் எவ்வளவு போயிருக்கும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.